மாமன் மச்சான் சேர்த்த சர்வர்

பாலையா ஒருவனை அடிக்கப் போகிறான் என்றால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். மங்கா டிராவல்ஸ் டிரைவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவன் கை மணிக்கட்டுப் பக்கம் போனாலே, எதிரே நிற்கிறவன் சண்டையை விட்டுவிட்டு நியாயம் பேச ஆரம்பித்துவிடுவான். அன்று வெள்ளிக்கிழமை மத்தியானம், திருப்பதியில் ரேணிகுண்டா சாலையோரம் இருந்த பஸ் ஷெட்டின் டயர் கொட்டகைக்குள் நின்று அவன் கடிகாரத்தைக் கழற்றினான். எதிரே நாற்காலியில் கட்டிப் போட்டிருந்தது பென்னியை. பென்னி கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர், சித்தூர்ப் பையன், மீசை கூட ஒழுங்காக முளைக்காத முகம்.

"பாலையாண்ணா, நான் ஒண்ணும் பண்லண்ணா" என்றான் பென்னி.

பாலையா விட்ட அறையில் நாற்காலி பென்னியோடு சேர்ந்து டயர்க் குவியல் மேல் சாய்ந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டு மறு கன்னத்தில் இன்னொன்று விட்டான். பென்னியின் வாயிலிருந்து ரத்தம் வழிந்து சட்டையில் சொட்டியது. பாலையாவுக்கு அதில் பரிதாபம் ஒன்றும் வரவில்லை. மூன்று மாடிக் கட்டடமாய் நிற்கிற பெரிய ஆஸ்பத்திரியில் அவன் தம்பி பவன்குமார் ஒற்றைக் கண்ணோடு படுத்திருந்தான்.

பவன்குமார் அதே கம்பெனியில் கண்டக்டர். அந்த வாரத்தில்தான் அது நடந்தது. பெங்களூர் போகும் பஸ்ஸில் ஒரே சீட்டுகளை இரண்டு கூட்டத்துக்கு விற்றிருந்தார்கள். ஒரு பக்கம் வேலைக்கு இன்டர்வியூ போகிற பிள்ளைகள், இன்னொரு பக்கம் மொட்டை போட்டுவிட்டுத் திரும்புகிற ஒரு குடும்பம். இரண்டு பேர் கையிலும் டிக்கெட் இருக்கிறது, இரண்டும் மெஷின் அடித்த டிக்கெட், இரண்டும் உண்மையானது. பிறகு என்ன, வாய் முற்றிக் கை வந்தது. நடுவில் புகுந்து விலக்கப் போனவன் பவன்குமார். எவனோ உடைத்துப் பிடித்த சோடா பாட்டில் நேரே அவன் இடது கண்ணில் இறங்கியது. பாட்டிலைப் பிடித்தவன் கூட்டத்தோடு ஓடிவிட்டான். "பாட்டிலால குத்தினவன விடு மாமா. ஒரு சீட்ட ரெண்டு பேருக்கு வித்தான் பாரு, அவன் கை இருக்கக் கூடாது" என்று பவன்குமாரின் மனைவி பாலையாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். இருக்காது என்று பாலையா அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தான்.

பாலையா பிச்சாட்டூர்ப் பக்கத்து ஆள். ஊரில் அவன் அப்பனுக்குக் காலடி மண் கிடையாது. பவன்குமாரைத் தூக்கிச் சுமந்து வளர்த்தது பாலையாதான். மங்கா டிராவல்ஸில் அவனுக்கு லைன் சூப்பர்வைசர் என்று பெயர். போட்டிக் கம்பெனிக்காரன் நம் பஸ் முன்னால் வண்டியைக் குறுக்கே நிறுத்தினால் இறங்கிப் போய்க் கவனிப்பதுதான் வேலை. அடித்தே சோறு தின்கிறவன்தான். ஆனால் தப்புச் செய்யாதவன் மேல் தன் கை பட்டதில்லை என்று அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வம் இல்லாவிட்டால் அவனால் ராத்திரி படுத்துத் தூங்க முடியாது.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் அது. நாட்டைத் திறந்துவிட்டார்கள், திறந்த கதவு வழியாக ஜனமெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. பி.டெக் படித்தவன் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும், படிக்காதவன் சென்னைக்கு அந்தண்டை புதிதாய் முளைத்த கம்பெனிகளுக்கும், கொஞ்சம் தைரியம் உள்ளவன் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும். எல்லோருக்கும் உட்கார ஒரு சீட்டு வேண்டும். அந்தச் சீட்டை விற்றுத்தான் முதலாளி கோவர்த்தனன் மங்கா டிராவல்ஸை இந்த உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தார். சித்தூர், நாயுடுபேட்டை, இன்னும் நாலு ஊர்களில் கவுன்டர். எல்லாம் போன் லைன் வழியாகத் திருப்பதி ஆபீசில் இருக்கிற ஒரு பெட்டியைத்தான் கேட்கும். எந்தச் சீட்டு காலி என்று அந்தப் பெட்டிக்குத்தான் தெரியும். அதற்குச் சர்வர் என்று பெயர்.

முதலில் வந்த சர்வர் ஆனை மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டியைச் செய்ததும் அதற்குள் ஓடுகிற சிஸ்டத்தை எழுதியதும் ஒரே வெளிநாட்டுக் கம்பெனி. வெளியாள் சரக்கு என்றால் அது ஒரு திருகாணியைக் கூட உள்ளே விடாது. ஏதாவது போனால் அவர்கள் ஆள்தான் வரவேண்டும், அவர்கள் சாமான்தான் போடவேண்டும், விலையும் அவர்கள் சொல்வதுதான். கோவர்த்தனன் அந்தப் பெட்டியைத் திட்டாத நாளில்லை. ஆனால் வருஷக்கணக்காக அது ஒருநாளும் நின்றதில்லை. கரண்ட் போனாலும் பேட்டரியில் முனகிக்கொண்டு ஓடும். பென்னி அதன் மேல் சட்டையைக் காயப் போடுவான், அவ்வளவு நம்பிக்கை.

அப்புறம் கோவர்த்தனன் தன் மகளை ஐதராபாத்தில் கொடுத்தார். மாப்பிள்ளை சொந்தமாக சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பிக்கிறவர். மாமனார் ஆபீசைச் சுற்றிப் பார்க்க வந்தவர் கண் அந்தக் கறுப்புப் பெட்டி மேல் விழுந்தது. மாப்பிள்ளை ஆசைப்பட்டுவிட்டால் மறுபேச்சு ஏது? வெள்ளிக் குத்துவிளக்குக்கும் பீரோவுக்கும் நடுவில் சர்வரும் சீர்வரிசை வேனில் ஏறியது. ஏற்றிவிட்டவன் பாலையாதான்.

புதுச் சர்வர் வேண்டும். கோவர்த்தனன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனிக்கு எது வாங்கினாலும் சம்பந்த வழியில் பங்கு வைத்துத்தான் வாங்கவேண்டும். டயர் ஒரு மச்சான் கடையில், பேட்டரி இன்னொரு மச்சான் கடையில், சீட்டுத் துணி சகலை வீட்டில். ஒருவரை விட்டுவிட்டால் அடுத்த விசேஷத்தில் அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பந்தியில் உட்காரமாட்டார், அவர் அக்கா இங்கே வீட்டில் சமைக்கமாட்டாள். அந்த வழக்கத்தைச் சர்வருக்கும் கடைப்பிடித்தார்கள். மெமரியும் பவர் சப்ளையும் பெரிய மச்சான் நாகபூஷணம் கடையில். டிஸ்க்கும் அதை ஓட்டுகிற கார்டும் சின்ன மச்சான் வழியில். போன் லைன் கார்டு சகலையின் தம்பி நாயுடுபேட்டையிலிருந்து கொடுத்தனுப்பினார். எந்தப் பெட்டியிலும் ஓடுகிற பொதுவான ஒரு சிஸ்டத்தை உள்ளே ஏற்றினார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கி, குங்குமம் வைத்து, எல்லாரும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுவாரமே அது வேலைக்கு நடுவில் நின்று நின்று விழ ஆரம்பித்தது.

"நெசத்தச் சொல்லு. கூட்டாளி எவன்?" என்றான் பாலையா. "ஒரு சீட்ட ரெண்டு தபா வித்து எவன்கூடப் பங்கு போட்டுக்கிற?"

"நான் ஏண்ணா விக்கிறேன்? மெஷினு நின்னுபூடுது. மொதலாளிகிட்ட எவ்ளோ தபா சொன்னேன். நீ ஆப்பரேட்டரு, ஆப்பரேட் பண்ணு, அத மட்டும் பாருன்னுட்டாரு."

"மெஷினு தானா நிக்குமா? அதுக்கின்னா வயித்து வலியா?"

பென்னி கண்ணை மூடித் திறந்தான். அழுகைக்கு நடுவிலும் அவனுக்கு ஒரு அவசரம். இவனுக்குப் புரிய வைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான் பாவம். "பஸ்ஸ நெனச்சிக்கோண்ணா" என்றான். "பழைய மெஷினுல வண்டியும் அவங்க வண்டி, டிரைவரும் அவங்க ஆளு. எந்தக் கியரு எப்புடின்னு அவனுக்குத் தெரியும். இந்தப் புது மெஷினுல ஒவ்வொரு பார்ட்டும் தங்கூட ஒரு ஆளக் கூட்டிக்கினு வருது. அவன் பின் சீட்டுல குந்தமாட்டான். டிரைவர் மடியில குந்துவான். ஸ்டீரிங்க அவனும் புடிக்கலாம், பிரேக்க அவனும் மிதிக்கலாம். ஒருத்தன் தப்பா இழுத்தாலும் வண்டி எங்கியாவது மோதும். மோதறதுக்கு முன்னாடி சிஸ்டமே நின்னுக்குது. அதான் அந்த நீலத் தெர வருது."

"நின்னா மறுக்கா ஓட வுடு. வித்த சீட்டு எங்கடா போவும்?"

"டிஸ்க் கார்டு பொய் சொல்லுதுண்ணா. எழுதிட்டியான்னு சிஸ்டம் கேட்டா, எழுதிட்டேன்னுது. எழுதல. கையில வச்சிக்கினு கீது. அதுக்குள்ள நின்னுபூட்டா கையில வச்சிருந்ததெல்லாம் போச்சு. மறுபடி எழுப்பினா அந்தச் சீட்டு காலின்னு காட்டுது. சித்தூர்ல வித்தத நாயுடுபேட்டையில திருப்பி விக்கிறாங்க."

பாலையா அவன் தலைமயிரைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினான். "இத்தினி நாளு மனுஷந்தான் பொய் சொல்லுவான்னு நெனச்சிக்கினு இருந்தேன். சரி, ஒண்ண மட்டும் சொல்லு. உன் டூட்டியிலயே ஏன்டா வுழுது? காலையில அந்தப் பொண்ணு கல்பனா குந்திக்கினு கீதே, அப்ப ஏன் வுழல?"

"மத்தியானந்தாண்ணா கூட்டம். எல்லா ஊருலேந்தும் ஒரே நேரத்துல கேக்கறாங்க. வேல ஜாஸ்தியானாதான் அதுங்க ஒண்ண ஒண்ணு இழுக்கும்."

"சிங்கப்பூருக்கு எப்ப போற?"

பென்னியின் முகம் வெளுத்தது. அடுத்த மாதம் அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை. விசா வந்துவிட்டது. கண் பட்டுவிடும் என்று அம்மா சொன்னதால் ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததே வினையாகிவிட்டது. காரியத்தை முடித்துக்கொண்டு கடல் தாண்டி ஓடப் பார்க்கிறான் என்று, விஷயம் எப்படியோ காதுக்கு எட்டிவிட்ட கோவர்த்தனன் சொன்னபோது பாலையாவுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது. இப்போது அந்த வெளுத்த முகத்தைப் பார்த்ததும் மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

அவன் சக்கரம் கழற்றுகிற ஸ்பேனரை எடுத்தான். பென்னியின் வலது கையை அவிழ்த்து ஒரு டயரின் மேல் விரித்து வைத்து முழங்காலால் அழுத்திக்கொண்டான். பென்னி "ஏசப்பா, ஏசப்பா" என்று கத்தினான். பிறகு சொல் போய்ச் சத்தம் மட்டும் வந்தது. வெளியே நின்ற மெக்கானிக்குகள் இன்ஜினை ஓடவிட்டுச் சத்தத்தை மறைத்தார்கள். பாலையா எண்ணிப் பார்க்கவில்லை. நிறுத்தியபோது விரல்கள் போகவேண்டிய திசையில் இல்லை. "கூட்டாளி பேரச் சொன்னாத்தான் கதவு தொறக்கும்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகையைப் பூட்டினான். ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பி பெண்டாட்டியிடம், சொன்னதைச் செய்துவிட்டேன் என்றான். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் சனிக்கிழமை. பென்னி கொட்டகைக்குள் கிடந்தான். அவன் டூட்டியையும் கல்பனாவே பார்த்தாள். இனி சர்வர் விழாது என்று கோவர்த்தனன் தெம்பாக இருந்தார், பாலையாவும்தான். ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டுக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். தொடர்ந்து லீவு நாள், மலையிலிருந்து இறங்குகிற ஜனம் ஒரு பக்கம், வேலைக்குத் திரும்புகிற பிள்ளைகள் ஒரு பக்கம், கவுன்டர் முன் தலைகளாகத் தெரிந்தன. மத்தியானச் சாப்பாட்டு வேளை தாண்டிக் கூட்டம் உச்சத்துக்கு வந்தபோது உள்ளேயிருந்து கல்பனா அலறினாள்.

"பாலையாண்ணா! போச்சிண்ணா!"

அவன் எழுந்து உள்ளே போனான். திரை முழுக்க நீலம். வெள்ளை எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. கல்பனா இரண்டு கையையும் விசைப்பலகையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள், நான் தொடவில்லை என்று காட்டுகிறவள் போல. "சத்தியமா நான் இன்னா பண்ணேன்? எல்லாக் கவுன்டரும் ஒண்ணா கேட்டாங்க, நின்னுபூடுச்சி."

பாலையா இடுப்பைத் தடவிப் பார்த்தான். பென்னி ஷெட்டில் பூட்டிக் கிடக்கிறான். சாவி இவன் இடுப்பில் இருக்கிறது.

கல்பனா பெட்டியை மறுபடி எழுப்பினாள். கவுன்டர்கள் மறுபடி விற்றன. சாயங்காலம் பெங்களூர் பஸ் வந்து நின்றபோது பாலையா படியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். நடக்கக் கூடாது என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டான். நடந்தது. ஒரு கல்யாணக் கோஷ்டி ஏறி உட்கார்ந்தது. பின்னாலேயே பெட்டியும் படுக்கையுமாக ஒரு கூட்டம் பையன்கள் ஏறினார்கள். "ஏய், லே, எந்திரி, இது எங்க சீட்டு" என்று தெலுங்கிலும் தமிழிலும் கத்தல் கேட்டது. அடுத்த நிமிஷம் ஒரு பையன் ஜன்னல் வழியாகத் தலைகீழாக வந்து தரையில் விழுந்தான். மாப்பிள்ளை வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். பூட்டுப் போட்ட டிரங்குப் பெட்டி ஒன்று ஒருவன் முகத்தில் மோதிப் பல்லைப் பெயர்த்தது. ஒரு பெரியவர் படியில் சறுக்கி விழ, அவர் மேலேயே நாலு பேர் ஏறி ஓடினார்கள். பெண்கள் பஸ்ஸுக்குள் கிடந்து அலறினார்கள்.

பாலையா உள்ளே பாய்ந்தான். இந்தத் தடவை கடிகாரத்தைக் கழற்ற நேரமில்லை. ஒருவன் கழுத்தைப் பிடித்து இழுத்துக் கம்பியில் மோதினான், இன்னொருவனை எட்டி உதைத்தான், உடைந்த கண்ணாடித் துண்டோடு வந்தவன் மணிக்கட்டை முறுக்கித் திருப்பினான். கண்ணாடி அவன் முழங்கையைக் கீறிக்கொண்டு போனது. எல்லாரையும் பிரித்துத் தள்ளிய பிறகு பார்த்தால், தரையில் ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரல் சந்தில் ரத்தம் கொப்பளித்தது. "அண்ணா, திங்கக்கெழம எனக்கு இன்டர்வியூண்ணா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, முழங்கை ரத்தத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு பாலையா முதலாளி அறைக்குப் போனான். கோவர்த்தனனோடு பெரிய மச்சான் நாகபூஷணமும் இருந்தான். பட்டு ஜிப்பா, கழுத்தில் சங்கிலி, வாயில் வெற்றிலை.

"அய்யா, பையன் ஷெட்டுல கீறான். மெஷினு அவன் இல்லாமயே வுழுந்துச்சி" என்றான் பாலையா.

"தெரியும்டா. பார்த்தேன்" என்றார் கோவர்த்தனன்.

"அப்ப அவன் செய்யலீங்க."

"எவரு செஞ்சாங்கன்னு நான் வெளிய செப்ப முடியுமா? பெட்டியத் தொறந்து, இது உன் சாமான், இது உன் சாமான்னு ஒவ்வொருத்தன் மூஞ்சியிலயும் விட்டெறிய முடியுமா? வீட்டுல எங்காவிட, இவங்க அக்கா, தூக்கு மாட்டிக்கும். போலீசு வந்து நிக்கிது, ஜனம் வந்து நிக்கிது, ஒரு ஆளக் காட்டணும் இல்லியா? அவன் எப்டியும் சிங்கப்பூர் போறவன். ஒத்துக்கினான்னா நாலு நாளு உள்ள இருந்துட்டுப் போவட்டும். நீ போயி ஒத்துக்க வை. இன்னொரு கை இருக்கில்ல."

பாலையா ஒரு அடி முன்னால் வந்தான். "என் தம்பி கண்ணு?" என்றான்.

நாகபூஷணம் வெற்றிலையை ஓரம் ஒதுக்கிக்கொண்டு சிரித்தான். "கம்ப்யூட்டர்னா வுழத்தான் செய்யும் பாலையா. மனுஷன் வுழலியா? இதுக்குப் போயி..."

அவன் முடிக்கவில்லை. பாலையாவின் முஷ்டி அவன் வாயிலேயே இறங்கியது. வெற்றிலையும் ரத்தமும் சேர்ந்து ஜிப்பாவில் வழிந்தன. நாற்காலியோடு சாய்ந்தவனைக் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். சங்கிலி அறுந்தது, மயிரைப் பிடித்துக்கொண்டான். அப்படியே நடை வழியே தரதரவென்று இழுத்துப்போய்ச் சர்வர் அறையில் தள்ளினான். "ஒரேய், வதலரா, விடுடா!" என்று கோவர்த்தனன் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடிவந்தார். வாசலில் டிரைவர்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் பவன்குமாரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒருவனும் அசையவில்லை.

பாலையா சர்வர் பெட்டியின் பக்கத் தகட்டை உதைத்துப் பெயர்த்தான். உள்ளே பச்சைப் பலகைகளும் ஒயர்களும் சுற்றுகிற விசிறியும் தெரிந்தன. நாகபூஷணத்தின் முகத்தை அதற்குள் திணிப்பது போலப் பிடித்து அழுத்தினான். "இதுல உன்னுது எதுடா? காட்டு. எது என் தம்பி கண்ணப் பறிச்சிது? புடுங்கி என் கையில குடு."

நாகபூஷணம் விரலை நீட்டினான். விரல் ஒரு பலகையிலிருந்து இன்னொரு பலகைக்குத் தாவியது, ஒயரைத் தொட்டது, திரும்பி வந்தது. அவனுக்கே தெரியவில்லை. அட்டைப் பெட்டியில் வந்ததை அட்டைப் பெட்டியிலேயே அனுப்பிவைத்தவன் அவன். "இது... இல்ல... இது சின்னவனுது போல..." என்று குழறினான். பாலையா அவன் தலையைத் தகட்டில் மோதினான். மறுபடி கேட்டான், மறுபடி மோதினான். மூக்கு உடைந்தது. கோவர்த்தனனைத் திரும்பிப் பார்த்து, "நீங்க காட்டுங்கய்யா" என்றான். கோவர்த்தனன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். முதலாளி அவர், பெட்டி அவருடையது, ஆனால் அந்தப் பெட்டிக்கு எஜமான் என்று ஒருவரும் இல்லை.

பாலையா பிடியை விட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரை அடிக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. நேற்று அது நன்றாகத் தெரிந்திருந்தது. நேற்றுத் தெரிந்தது தப்பு. அந்த நினைப்பு வந்ததும் நாகபூஷணத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினான். "நீ இனிமே இந்த ஊர்ல எப்டி பொழைக்கிறேன்னு பாக்கறேன்" என்று கோவர்த்தனன் கத்தியது அவன் முதுகில் விழுந்தது. டிரைவர் ஒருவன் கேட்காமலேயே ஜீப்பை எடுத்தான்.

கொட்டகையைத் திறந்தபோது பென்னி சுவரோரம் சுருண்டு கிடந்தான். பாலையாவைக் கண்டதும் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். பாலையாவுக்கு "இல்லடா, இல்லடா" என்று மட்டும் சொல்ல வந்தது. வலது கை கருநீலமாகி வீங்கியிருந்தது, விரல்களைத் தனித்தனியே பிரித்துச் சொல்ல முடியவில்லை. தொடப் போனால், "தொடாத" என்றான். தொடாமல் எப்படித் தூக்குவது? கத்தக் கத்தத் தோளில் போட்டுக்கொண்டான். ஜுரத்தில் பையனின் உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரிப் படிகளில் தூக்கிக்கொண்டு ஏறும்போது பென்னி அவன் காதோரம், "நின்னுபூடுச்சா?" என்று கேட்டான். பாலையா, "நின்னுபூடுச்சி. நீ சொன்ன மாதிரியேதான்" என்றான்.

டாக்டரிடம், "டயர் வுழுந்துச்சி" என்றான் பாலையா. டாக்டர் கையைப் பார்த்தார், பாலையாவைப் பார்த்தார். இரண்டு விரலை எடுத்தால்தான் கை தப்பும், அதுவும் பழைய மாதிரி வராது என்றார். எடுத்தார்கள்.

மறுநாள் காலையில் பென்னியின் அம்மா தபீதாள் சித்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். தையல் மெஷினில் உட்கார்ந்தே மகனைப் படிக்க வைத்தவள், ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேலை. மகன் தூங்குவதைப் பார்த்து வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்த பிறகுதான் கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்திருந்த பாலையாவைக் கவனித்தாள். சட்டை முழுக்க ரத்தம், முழங்கையில் துண்டுக் கட்டு. நீதான் தூக்கிக்கொண்டு வந்தவனா என்று கேட்டாள். அவன் தலையாட்டினான்.

"ராவெல்லாம் இங்கியே குந்திக்கினு இருந்தியாமே. நர்சம்மா சொன்னாங்க. பெத்தவ நானே கிட்ட இல்ல, நீ இருந்தியே நைனா." அவள் குனிந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவனால் இழுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, எம்புள்ளையத் தூக்கியாந்த இந்தக் கையை ஆசீர்வதியும். இந்தக் கை தொட்டதெல்லாம் தொலங்கட்டும்..."

பாலையா கையை மெல்ல உருவப் பார்த்தான், அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா" என்றான் பென்னி. எப்போது விழித்தானோ. "அந்தக் கைய வுடு. அவந்தாம்மா ஒடச்சான்."

தபீதாளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மகன் முகத்தைப் பார்த்தாள், கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள், தன் கைக்குள் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு அதை உதறினாள். காலிலிருந்த செருப்பைக் கழற்றி அவன் தலையில், முகத்தில், தோளில், எங்கே விழுகிறது என்று பார்க்காமல் அடித்தாள். வார்டே எழுந்து உட்கார்ந்து பார்த்தது. பாலையா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. உதடு கிழிந்தது. அவள் மூச்சு வாங்கியது.

"எதுக்குடா? எம்புள்ள உனக்கு இன்னாடா பண்ணான்? எதுக்குடா ஒடச்ச? சொல்லு!"

பாலையா வாயைத் திறந்தான். தம்பி கண், சத்தியம், மச்சான்மார், முதலாளி, எத்தனையோ சொல்லலாம். ஒன்றும் நிற்கவில்லை.

"மெஷினு நின்னுபூடுச்சிம்மா" என்றான்.

அவள் செருப்பை ஓங்கியபடியே நின்றாள். மகன் பக்கம் திரும்பினாள். "இன்னாடா சொல்றான் இவன்?"

பென்னி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"நெசந்தாம்மா. மெஷினு நின்னுபூடுச்சி. அதுக்குத்தான்."